மதியம் ஒன்று பத்துக்கு வந்த செய்தி

கண்ணு,

இதைத் தாளில் எழுதி கூரியரில் அனுப்புகிறேன். சாட்டில் அனுப்பினால், நீ பார்த்தாயா, பார்த்துவிட்டும் பதில் போடாமல் இருக்கிறாயா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த வேதனையை ஒருத்தருக்குக் கொடுத்துப் பழகியவள் நான். எனக்கென்று வரும்போது தாங்காது. கோழைத்தனம் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள், இல்லை என்று சொல்லமாட்டேன்.

போன வாரம் களம்பூரில் பவித்ரா வீட்டில் பூ வைத்தோமே, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். காபி கொடுத்தார்கள். அவள் அப்பா ரைஸ் மில்லில் காலமெல்லாம் மூட்டை எண்ணிய மனுஷர், எதையும் துருவிக் கேட்கிற ஆள். உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "மாப்ள, சாட்டு கம்பெனின்றீங்க. நான் இங்க தட்டுனா அமெரிக்காவுல இருக்கிறவனுக்கு ஜல்தியா பூடுதே, அது எப்டிங்க?" என்று ஆரம்பித்தார். உன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். சின்ன வயசில் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் நின்ற மாதிரியே கையை ஆட்டி ஆட்டிப் பேசினாய்.

"முன்னெல்லாம் இப்டி இல்ல மாமா. நம்ம கம்ப்யூட்டர்தான் அஞ்சு செகண்டுக்கு ஒரு வாட்டி சர்வர்கிட்ட போயி, புதுசா எதுனா வந்துச்சான்னு கேக்கணும். இல்லன்னு சொல்லும். மறுபடி கேக்கும், மறுபடி இல்லன்னு சொல்லும். நாள் பூரா கேட்டுகினே இருந்தா ரெண்டு பேருக்கும் பேஜாரு. அப்பறம், கேட்டதும் இல்லன்னு சொல்லாம, எதுனா வர்ற வரைக்கும் பதிலை நிறுத்தி வச்சாங்க. இப்ப அதுவும் இல்ல. ஒரே ஒரு வாட்டி கேட்டு லைனைத் திறந்துட்டா அப்டியே திறந்து கிடக்கும், யாரும் கட் பண்ணமாட்டாங்க. யாருக்கு எப்ப என்னா சொல்லணுமோ, அந்த லைன்லயே சொல்லிக்கலாம்."

"லைன் அறுந்துச்சுன்னா?" என்றார் அவர். விடுவாரா?

"அதுக்குதான் சும்மா இருக்கச்சயும் நடுநடுவுல 'இருக்கியா'ன்னு ஒரு கேள்வி போகும், 'இருக்கேன்'னு பதில் வரும். பதில் வரலன்னா லைன் செத்துப்போச்சுன்னு மூடிடுவோம். அந்த நேரத்துல வர்ற மெசேஜை எடுத்து வச்சிருந்து, அவங்க திரும்ப வந்ததும் குடுப்போம். சர்வருக்கு வந்துட்டா ஒரு டிக். அவங்க போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ போயி சேந்துட்டா ரெண்டு டிக். திறந்து திரையில வந்துட்டா நீலம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம் நீ. நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு உன் அப்பா இறந்த கதையைச் சொன்னாய். "நீலம்னா படிச்சிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல மாமா. மெஷினுக்கு ஆள் தெரியாது. நாற்காலில யாருமே இல்லன்னாலும் கம்ப்யூட்டர் 'இருக்கேன்'னு சொல்லிகினே இருக்கும். எங்கப்பா கடைசியா போட்ட மெசேஜை எங்கம்மா பாக்கவே இல்ல. சாப்புடப் போயிருந்தாங்க. அவங்க வேலை செய்யற கடையில வேற ஒருத்தி கம்ப்யூட்டர்ல திறந்துட்டு, சொல்லாம கொள்ளாம இருந்துட்டா. அதனாலதான் நான் இந்த வேலைக்கே வந்தேன்." பவித்ராவின் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழக்கூடச் செய்தாள். நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ சொன்ன கணக்கில் ஒரு தப்பும் இல்லை. லைன் திறந்து கிடந்தது உண்மை. மெஷினுக்கு ஆள் தெரியாது என்பதும் உண்மை. ஆனால் கண்ணு, அன்றைக்கு நான் சாப்பிடப் போகவில்லை. நாற்காலியில்தான் இருந்தேன். அந்தச் செய்தியைத் திறந்தது நான்தான். திறந்தது மட்டுமில்லை, உன் அப்பாவுக்கு நீலம் தெரியட்டும் என்பதற்காகவே திறந்தேன்.

எதற்கு அப்படிச் செய்தேன் என்று உனக்குப் புரிய வேண்டுமானால் எங்கள் சண்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சேலைக் கடையில் வேலைக்கு வந்ததும் அவரவர் போனை பில் போடும் இடத்தில் இருக்கிற பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட வேண்டும், சாயங்காலம்தான் எடுக்கலாம். முதலாளி வைத்த சட்டம். எனக்கு மட்டும் ஒரு சலுகை. கடை வெப்சைட்டில் வருகிறவர்களுக்குச் சாட்டில் பதில் சொல்லும் வேலை என்னுடையது, "வணக்கம் மேடம், உடலுக்கு என்ன கலர், பார்டருக்கு என்ன கலர் பார்க்கிறீங்க?" என்று நாளெல்லாம் தட்டிக்கொண்டிருப்பேன். அதே கம்ப்யூட்டரில் ஓரமாக என் சொந்தச் சாட்டையும் திறந்து வைத்திருப்பேன். முதலாளி கண்டும் காணாமல் விட்டுவிடுவார். வீட்டில் இருக்கிற நாட்களில் உன் அப்பா அதில்தான் என்னைக் கூப்பிடுவார். கட்டம் போட்ட சட்டை எங்கே, மோட்டார் போடலாமா, பூனை உள்ளே வந்துவிட்டது என்று ஓயாமல் வரும்.

வாய்ச்சண்டையில் உன் அப்பாவை என்னால் ஜெயிக்க முடிந்ததில்லை. நான் ஒன்று சொன்னால் சிரித்துக்கொண்டே ஒன்பது சொல்லி என்னை அழவைத்துவிடுவார். இந்தச் சாட்டு வந்த பிறகுதான் எனக்கு ஓர் ஆயுதம் கிடைத்தது. அவர் அனுப்பியதைத் திறப்பேன், நீலம் போகும், பதில் போடமாட்டேன். படித்துவிட்டேன், பதில் கிடையாது, கிட. மனுஷர் துடித்துப்போவார். ஒரு தரம் மிளகு டப்பா எங்கே என்று கேட்டார். நீலத்தோடு விட்டுவிட்டேன். கடைக்குப் போய்ப் புது டப்பாவும் மிளகும் வாங்கி வந்து ரசம் வைத்துக்கொண்டார். நம் வீட்டில் மூன்று மிளகு டப்பா இருக்கிறதே, உனக்கு எப்போதும் சிரிப்பு வருமே, அதெல்லாம் என் நீல டிக்கின் சம்பாத்தியம்தான். ஆனால் ஒன்று. 'வா' என்று அவர் எழுதினால், பதில் போடாவிட்டாலும் போய்விடுவேன். கடைக்கும் வீட்டுக்கும் பத்து நிமிஷ நடை. போகாமல் இருந்ததில்லை. அது அவருக்கும் தெரியும்.

அன்றைக்குக் காலையில் சண்டை. கடையில் இனிமேல் இரவு எட்டு மணி வரை சாட்டில் இருக்கச் சொல்கிறார்கள் என்றேன். இட்லியை மென்றுகொண்டே, "அந்தக் கம்ப்யூட்டரு கூடவே குடித்தனம் பண்ணிக்கோ" என்றார். அவருக்கு அது விளையாட்டு. எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. டிபன் பாக்ஸைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டேன். மதியம் ஒன்று பத்துக்குத் திரையின் இடது பக்கம் அவர் பெயர் மேலே வந்தது. பக்கத்தில் ஒன்று என்ற எண். அப்போது சிங்கப்பூரிலிருந்து ஓர் அம்மா, மகள் முகூர்த்தத்துக்கு மாம்பழ மஞ்சள் உடலும் அரக்கு பார்டரும் கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பாதியில் விட்டுவிட்டு உன் அப்பா பெயரை அழுத்தினேன். "கொஞ்சம் வீட்டாண்ட வந்துட்டு போறியா" என்று இருந்தது. அவ்வளவுதான். மார்வலி என்று எழுதவில்லை, அவசரம் என்று எழுதவில்லை. காலையில் பேசினதற்குச் சமாதானம் பண்ணக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கிடக்கட்டும், இன்றைக்குப் போகப்போவதில்லை என்று முடிவு கட்டினேன். அப்படி முடிவு கட்டியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

பிறகு 'டைப்பிங்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நின்றது. நான் சிங்கப்பூர் அம்மாவுக்குச் சேலையை விரித்துப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டே ஓரக்கண்ணால் அதைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கெஞ்சட்டும் என்று இருந்தது. நாலைந்து தரம் வந்திருக்கும். அதற்குப் பிறகு வரவில்லை.

இரண்டரை மணிக்குப் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் மனைவி கடை போனுக்குக் கூப்பிட்டாள். நான் போனபோது அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீ சென்னையிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உனக்கு நான் சொல்லாத சில விஷயங்கள் இருக்கின்றன. அவர் வெளியே போகும்போது போடுகிற சட்டையைப் போட்டுப் பொத்தான் எல்லாம் சரியாக மாட்டியிருந்தார். தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போக ரெடியாகி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார், கண்ணு. ஆட்டோக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாராம். "ஒரு கொரலு குடுத்திருந்தா கைய கழுவாம ஓடியாந்திருப்பேனேக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஏன் குரல் கொடுக்கவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். எனக்குத் தெரியும். நீலம் போயிருந்தது. நான் பார்த்துவிட்டேன், வந்துகொண்டிருக்கிறேன் என்று நம்பினார். அந்த டிக் போகாமல் இருந்திருந்தால் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டிருப்பார். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

பால் தெளித்த அன்று உன் தெள்ளார் அத்தை அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். "படிச்சிட்டு கம்முனு குந்திகினு இருந்திருக்கா பாருங்க, என் தம்பி வா வான்னு கூப்டிருக்கான்" என்று கத்தினாள். அண்ணன் தம்பி சாதிசனம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீதான் எழுந்தாய். படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்த பையன், பெரியவர்கள் நடுவே நின்று, "கம்ப்யூட்டர்லயும் அம்மா சாட்டு ஓடுது அத்த. யாரு திறந்தாலும் நீலம்தான் காட்டும். அம்மா அந்நேரம் சாப்புடப் போயிருப்பாங்க" என்றாய். என்னைக் கேட்காமலே எனக்காகப் பேசினாய். உனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அத்தை விடவில்லை. "அப்ப யாருதான் திறந்தது?" என்றாள்.

நான் அப்போது வாயைத் திறந்தேன். "குமுதாதான் உக்காந்துகினு இருந்தா" என்றேன்.

ஒரே ஒரு வரி. தினமும் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை நான் சாப்பிடப் போகும்போது குமுதாதான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வாள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அன்றைக்கு டிபன் இல்லாததால் நான் சாப்பிட எழுந்திருக்கவில்லை, அவள் பின்கட்டில் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். மறுநாளே அத்தை கடைக்குப் போய்த் தெருவே கூடும்படி அவளைக் கேட்டுவிட்டாள். "நான் தொடவே இல்லீங்க, சாமி சத்தியமா தொடல" என்று குமுதா அழுதாளாம். முதலாளிக்குக் கூட்டத்தைப் பார்த்துப் பயம். நாலு நாள் வீட்டில் இரு, அப்புறம் பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு அவள் கடைப்பக்கம் வரவே இல்லை. இப்போது கம்பெனி பஸ்ஸில் செய்யாறு போய் ஷிப்டு வேலை பார்க்கிறாள். நான் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பி, அதே நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நான் நன்றாக இருக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இந்த ஜில்லாவிலேயே இவ்வளவு சீக்கிரம் பதில் போடுகிற ஆள் கிடையாது என்று முதலாளி வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்கிறார். சீக்கிரம் போடாமல் என்ன செய்வேன்? எந்தப் பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று வந்தாலும் கையிலிருக்கிற சேலையைப் போட்டுவிட்டு அதையே பார்க்கிறேன். அது நின்றுவிட்டால், "மேடம் இருக்கீங்களா, மேடம் இருக்கீங்களா" என்று நானே கேட்டுவிடுகிறேன். சில பேர் பயந்து ஓடியே போகிறார்கள். ஒருநாள் உன்னிடம் போனில் கேட்டேன், அப்பா டைப் பண்ணிப் பண்ணி நிறுத்தினாரே, அது எங்கேயாவது இருக்குமா என்று. பார்க்கவே இல்லை என்று பேர் பண்ணிக்கொண்டவளுக்கு அவர் டைப் பண்ணியது எப்படித் தெரியும் என்று நீ கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "அது மெசேஜே இல்லம்மா, சும்மா ஒரு சைகை. ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போயிடும், யாரும் எடுத்து வைக்கமாட்டாங்க. அப்பா போன்லயும் எதுவும் மிச்சமில்ல. எழுதி எழுதி அழிச்சிருப்பாரு" என்று மட்டும் சொன்னாய். கவனிக்காமல் விட்டாயா, கவனித்தும் விட்டுவிட்டாயா என்று அன்றிலிருந்து எனக்குத் தெரியவில்லை. அவர் என்ன எழுதி அழித்தார் என்பதும் தெரியவில்லை. சமைக்கும்போது, குளிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது அதற்கு நானே வார்த்தை போட்டுப் பார்க்கிறேன். வலிக்குது என்று போடுவேன். வேணாம் விடு என்று போடுவேன். ஒன்றும் பொருந்துவதில்லை.

களம்பூரிலிருந்து திரும்பிய மறுநாள் குமுதா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு வார லீவு. துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அலசினாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "இத்தினி வருசம் கழிச்சு இப்ப ஏங்க்கா வந்தீங்க? புள்ளைக்குக் கல்யாணம், அதுக்குள்ள மனசக் கழுவிக்கலாம்னா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

"நீங்கதான் திறந்தீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நான் திறக்கலன்னா வேற யாரு? எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே வந்து எதுக்கு சொல்றீங்க? தெரியாதவங்களுக்குப் போயி சொல்லுங்க. எங்க வூட்டுக்காரரு இன்னிக்கும் சண்டை வந்தா 'ஒரு உசுரையே வாங்கனவதான நீ'ன்றாரு. எம்பொண்ணு கேட்டுகினு நிக்குது. அவருகிட்ட சொல்லுங்க. உங்க நாத்தனாருகிட்ட சொல்லுங்க. உங்க புள்ளைகிட்ட சொல்லுங்க."

அவள் வீட்டுக்காரர் வரும்வரை அந்த வாசலிலேயே நின்றேன். வந்ததும் சொன்னேன். அந்த மனுஷர் அவளைத்தான் பார்த்தார். அவள் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அதைக் கேட்கிற தைரியம் எனக்கும் வரவில்லை.

அடுத்தது நீ. உனக்குப் பிறகு அத்தை, பிறகு எல்லாரும். வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்தத் தாள்களைப் போட்டோ எடுத்து நம் குடும்ப குரூப்பில் போடப்போகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் எதற்கு இந்த வம்பு என்று உனக்குத் தோன்றும். அத்தை கல்யாணத்துக்கு வராமல் போகலாம். சம்பந்தி வீட்டில் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குமுதா தெருவிலேயே அவமானப்பட்டாள். எனக்கு மட்டும் ரகசியமாக மன்னிப்பு வேண்டுமென்றால் அது நியாயமா? அம்மா சாப்பிடப் போயிருந்தாள் என்று நீ சொன்னது என்னைக் காப்பாற்றப் போட்ட வேலி, அதற்குள் நான் இவ்வளவு காலம் சவுகரியமாக இருந்துவிட்டேன். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. உன் அம்மா அப்படிச் செய்யமாட்டாள் என்று நம்பினாய். எந்தப் பிள்ளையும் அப்படித்தான் நம்பும்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், பட்டவள் சொல்வதாக எடுத்துக்கொள். உனக்கும் பவித்ராவுக்கும் சண்டை வரும், வரட்டும். திட்டு, கத்து, கதவை அறைந்து சாத்து. "இப்ப பேச முடியாது, கோவமா இருக்கேன்" என்றாவது ஒரு வரி போடு. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கேட்டேன் என்று அவளுக்குத் தெரியவும் வைத்துவிட்டு, பதில் சொல்லாமல் மட்டும் இருக்காதே. அந்த நேரத்தில் அவளுக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று உனக்குத் தெரியாது. சத்தமில்லாத கோபம் கௌரவமானது என்று நான் நினைத்திருந்தேன். அதைப் போலக் கொடூரம் வேறு இல்லை.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. வெற்றிலை பாக்கு பழத்தோடு முதல் பத்திரிகையைக் குலசாமிக்கு வைத்துவிட்டு, இரண்டாவதைக் குமுதா வீட்டில் நீயே போய் வை. அவள் வாங்கிக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்தால் கொடுக்கட்டும். அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் களம்பூர் போவோம். பவித்ராவையும் அவள் அப்பா அம்மாவையும் உட்காரவைத்து, அன்றைக்கு நீ சொன்ன கதையை நீயே மாற்றிச் சொல்ல வேண்டும். நானே சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் சொன்னால் அழுதுவிடுவேன், அவர்கள் என்னைத் தேற்ற வந்துவிடுவார்கள், விஷயம் அமுங்கிப்போகும். நீ சொல். கம்ப்யூட்டர், லைன், டிக் எதுவும் வேண்டாம். "எங்கம்மா பாத்தாங்க. பாத்துட்டும் போகல" என்று சொல். நீ சொல்லி முடிக்கும்வரை தலையைக் குனியாமல் அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அம்மா